ஒரு வாரத்தின் சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகள்: எதைப் பார்ப்பது, எப்படிக் குறித்து வைப்பது?

தாள்மடிப்பு:
தினம் ஒன்று என்று ஏழு நாளைக்குக் குறிப்பெழுதத் திட்டம். சிக்கல் என்னவென்றால், "வெயில் அழகாக விழுந்தது" என்ற மாதிரி வரிகளை வார முடிவில் படித்தால் எதுவுமே நினைவுக்கு வருவதில்லை. என்ன எழுதினால் நிற்கும்? கருவி எதுவும் இல்லாமல் பார்க்கக்கூடியவை இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.

குறிப்பேடு:
நான்கே வரி போதும். நேரம், கண்ணில் பட்டது, ஒரு அளவு, ஒரு கேள்வி. இதில் அளவுதான் உயிர். ஸ்கேல் வேண்டாம், விரல்கடை, சாண், அடி எதுவானாலும் சரி. "அழகு" என்பது பார்த்தவரின் மனநிலையைத்தான் சொல்லும், பார்த்த பொருளைச் சொல்லாது. அதனால்தான் பிறகு படிக்கும்போது வெறுமையாக இருக்கிறது. இரவு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் முதலில் மறந்துபோவதும் அந்த அளவுதான். பார்த்த இடத்திலேயே கிறுக்கிவிடுங்கள்.

வெளிச்சப்புள்ளி:
முதல் நாளுக்கு மர நிழல். நிழலுக்குள் சிதறிக் கிடக்கும் வெளிச்சப் புள்ளிகளைக் கவனியுங்கள். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்க, புள்ளிகள் மட்டும் ஏன் வட்டமாக விழுகின்றன? ஒவ்வொரு வட்டமும் சூரியனின் பிம்பம், அதனால்தான். பகுதி கிரகணத்தின்போது இதே வட்டங்கள் எல்லாம் பிறையாக மாறிவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு கெட்டி அட்டையில் 3 மி.மீ. சதுரத் துளை போடுங்கள். அட்டையை வெயிலில் பிடித்து, வெளிச்சம் விழும் வழியில் வெள்ளைத் தாளைக் காட்டுங்கள். 10 செ.மீ. தூரத்தில் சதுரம்தான் தெரியும். தாளை மெல்ல விலக்கிக்கொண்டே போனால் மூலைகள் கரைந்து, 2 மீட்டரில் நல்ல வட்டமாகிவிடும். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கும் அந்த நொடிக்காகவே இதைச் செய்யலாம்!

கணக்கும் எளிது. துளையிலிருந்து உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் பிம்பத்தின் அகலம். 2 மீட்டருக்குச் சுமார் 19 மி.மீ., அதோடு துளையின் அகலமும் சேரும். துளையை 1 செ.மீ. அளவுக்குப் பெரிதாகப் போட்டால் சதுரச் சாயல் போகாது. பலருக்கும் இது தவறிப்போவது இங்கேதான். துளை வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, முதுகு வெயில் பக்கம் இருக்கட்டும்.

துளிநீர்:
போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஊசி முனையால் மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றை வையுங்கள். வெள்ளைக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். துளி பெரிதானால் தன் எடையிலேயே தட்டையாகி உருப்பெருக்கம் குறைந்துவிடும். கடுகளவே போதும்.

தாள்மடிப்பு:
நன்றி. சதுரத் துளை சோதனையில் ஒரு சந்தேகம். தாளைத் தரையில் வைத்தால் வட்டம் வராமல் நீள்வட்டம் வருகிறது. அகலம் 20 மி.மீ., நீளம் 32. துளையில் கோளாறா?

வெளிச்சப்புள்ளி:
துளையில் கோளாறே இல்லை. வெளிச்சம் சாய்வாக வருவதால் தரையில் பிம்பம் இழுபட்டு விழுகிறது. தாளைக் கதிருக்குச் செங்குத்தாகச் சாய்த்தால் வட்டமாகிவிடும்.

ஆனால் சாய்ப்பதற்கு முன், அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 20ஐ 32ஆல் வகுத்தால் 0.625. அது சூரியனின் ஏற்றக் கோணத்தின் சைன் மதிப்பு. ஆக, சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 39 டிகிரி உயரத்தில் இருந்திருக்கிறது. சரிபார்க்க, அதே நேரத்தில் 1 மீட்டர் குச்சியை நேராக நிறுத்தினால் நிழல் கிட்டத்தட்ட 1.25 மீட்டர் விழ வேண்டும். தரை சமமாக இல்லாவிட்டால் இரண்டும் ஒத்துவராது.

நிலாக்கணக்கு:
இரவுக்கு ஒன்று. அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரியும்போது கையை முழுதாக நீட்டி ஒரு பென்சிலால் மறைத்துப் பாருங்கள், மறைந்துவிடும். உச்சிக்கு வந்த பிறகும் அதே பென்சிலால் மறையுங்கள். இரண்டு தடவையும் பென்சிலின் விளிம்பில் நிலாவின் மிச்சம் ஏதாவது தெரிகிறதா என்பதை வரைந்து வையுங்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போனால் நிலா ஒரு கைமுட்டி அகலத்துக்கும் சற்று அதிகமாகக் கிழக்கே தள்ளியிருக்கும். முட்டியையும் கையை நீட்டியே அளக்க வேண்டும், முழங்கை மடங்கினால் கணக்கு தப்பும்.