மறு: போஸ்ட்-ஹார்ட்கோருக்குத் தமிழ்ச்சொல்: ‘வழிவல்லிசை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பங்க் ராக்கின் வேகமும் கடுமையும் மிகுந்த வடிவமான ஹார்ட்கோரிலிருந்து கிளைத்த போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற இசைவகைக்குச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை பின்வன்கரு, வன்பங்க், கதறலிசை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. சொற்களை வெறுமனே ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, அந்த வகையின் தொடக்கத்தில் நிற்கும் ஒரு முதல் ஆல்பத்தை முழுமையாகக் கேட்டு, அதன் நிறைகுறைகளுக்கு எந்தச் சொல் ஈடுகொடுக்கிறது என்று பார்க்கலாம் எனத் தோன்றியது. வாஷிங்டன் நகரின் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு 1985-இல் டிஸ்கார்ட் என்ற இசைவெளியீட்டு நிறுவனத்தின் மூலம் வெளியிட்ட, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு வாரமாக வீட்டில் அதுதான் ஓடுகிறது, வீட்டிலுள்ளோர் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்நகரின் ஹார்ட்கோர் குழுக்களில் முதன்மையானதாகப் பேசப்படும் மைனர் த்ரெட் 1983-இல் கலைந்தது. அதன் பாடகர் இயன் மெக்காய்தான் டிஸ்கார்ட் நிறுவனத்தை 1980-இல் தொடங்கிய இருவரில் ஒருவர். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. பதிவு நடந்தது வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இருந்த இன்னர் இயர் ஸ்டூடியோவில். அதாவது, பழைய வகையை விட்டு வெளியேறிய வேற்றாள்கள் கட்டிய புதுவீடன்று இது. அதே ஊர், அதே நிறுவனம், அதே ஆட்கள். சொல்லாக்கத்தில் இந்த உறவை நாம் தவறவிடக் கூடாது.

ஆல்பத்தின் நிறைகளில் முதலாவது குரல். குழுவின் பாடகர் கய் பிச்சோட்டோ பாடுவதைக் கத்தல் என்று சொல்லிவிட முடியாது. தமிழில் கத்துவது வேறு, அலறுவது வேறு, கதறுவது வேறு. ஹார்ட்கோர் பாடகர் எதிரே நிற்பவரை நோக்கிக் கத்துகிறார். இவர் தமக்குள் இருக்கும் ஒன்றைத் தாங்க மாட்டாமல் கதறுகிறார். ஒரு சொல்லை உரத்துத் தொடங்கி, அதன் நடுவிலேயே மூச்சுப் போதாமல் குரல் உடைய, மீதியை ஏறக்குறைய பேச்சாகவே முடிக்கும் இடங்கள் பல உண்டு. சமூகத்தின் மீதிருந்த சினம் இங்கே நினைவு, இழப்பு, தன்மீதான ஏமாற்றம் என உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. இதைக் கேட்டுத்தான் நண்பர் ‘கதறலிசை’ என்று முன்மொழிந்தார் என நினைக்கிறேன். அதன் அழகை மறுக்கவில்லை. ஆனால் அது குரலை மட்டுமே பெயரிடுகிறது. கருவிகளில் நடந்த மாற்றத்துக்கு அதில் இடமில்லை.

அந்த மாற்றம்தான் இரண்டாவது நிறை. மைக் ஃபெல்லோஸின் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்காமல் தனக்கென ஒரு மெட்டை நடத்திச் செல்கிறது. கிட்டார்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்காமல் பிரிந்து, சிதறி, மீண்டும் கூடுகின்றன. பன்னிரண்டு பாடல்களில் கடைசியானது ஏழு நிமிடங்களைத் தாண்டுகிறது. ஒரு நிமிடத்தைத் தொட்டும் தொடாமலும் பாட்டை முடித்துவிடும் மரபிலிருந்து வந்தவர்கள் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டதை, பழைய நண்பர் ஒருவர் திடீரென்று நீண்ட கடிதம் எழுதியது போலத்தான் அன்றைய கேட்பவர் உணர்ந்திருக்க வேண்டும். அந்தப் பாடலில் தலைப்புச் சொற்களே திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு சுற்றிலும் எடை கூடுகின்றன. சொன்ன சொல்லே மீண்டும் வந்து சிறப்பதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் ‘ஏந்தல் வண்ணம்’ (வண்ணம் இங்கே ஓசைநயம்) என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது.

இனிக் குறைகள். பாடல்களுள் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரே வேகத்தில், ஒரே வகை ட்ரம்ஸ் அடியோடு பாய்கின்றன. வேகம் தணியும் பாடல்கள் மிகக் குறைவு என்பதால், இடைப்பகுதியில் எது எந்தப் பாட்டு என்று பிரித்தறியக் கேட்பவர் சற்று உழைக்க வேண்டியிருக்கிறது. கிட்டாரின் ஒலி மெலிந்து, மேல்ஸ்தாயியில் கூசுகிறது. பாடல்வரிகள் சில இடங்களில் அருவமான பெயர்ச்சொற்களாகவே அடுக்கப்பட்டு, எந்த நிகழ்ச்சி, எந்த மனிதர் என்ற பிடி கிடைக்காமல் நழுவுகின்றன. உருக்கம் இருக்கிறது, உருவம் இல்லை. இவற்றுள் முதற்குறை நம் விவாதத்துக்கு மிக முக்கியமானது, ஏனெனில் அது ஹார்ட்கோரிலிருந்து அப்படியே வந்த சொத்து. முன்னதன் வேகத்தை விடவும் மாட்டாமல், அதற்குள் அடங்கவும் மாட்டாமல் தவிக்கிற ஆல்பம் இது.

ஆகவே ‘போஸ்ட்’ என்பதற்கு ஈடான ‘பின்’ என்ற முன்னொட்டில் எனக்கு உடன்பாடில்லை. பின்நவீனத்துவம், பின்காலனியம் போன்ற சொற்கள் நிலைபெற்றுவிட்டன. அவற்றைக் கலைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஓர் இசைவகையின் பெயரில் ‘பின்’ வந்தால், முன்னது முடிந்தபின் வந்தது என்றே வாசகர் காலப்பொருள் கொள்வார். 1985-இல் ஹார்ட்கோர் முடிந்துவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே மினியாபொலிஸின் ஹஸ்கர் டூ என்ற ஹார்ட்கோர் குழு, ஏறக்குறைய பதினான்கு நிமிடப் பாடலொன்றையும் உள்ளடக்கிய இரட்டை ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. ஹார்ட்கோரும் அதிலிருந்து கிளைத்ததும் அருகருகே ஓடிய நீரோட்டங்கள். ‘கோர்’ என்பதற்கு ஈடாகப் பின்வன்கருவில் வரும் ‘கரு’வும் எனக்கு ஒட்டவில்லை. அணுக்கருவும் உயிரணுவின் கருவும்தான் கண்முன் வருகின்றன.

என் முன்மொழிவு: ஹார்ட்கோர் என்பதற்கு ‘வல்லிசை’, போஸ்ட்-ஹார்ட்கோர் என்பதற்கு ‘வழிவல்லிசை’.

மெல்லிசை என்ற சொல் நம் அன்றாட வழக்கில் இருப்பதால் வல்லிசை உடனே விளங்கும். வல்லெழுத்து மிகுந்து வருவது வல்லிசை வண்ணம் என்ற பழைய இலக்கணப் பொருளும் இதற்கு இடையூறன்று, துணையே. ‘வழி’ என்பதை வழிநூலிலிருந்து எடுத்தேன். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பகுப்பில், முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறுவதே வழிநூல் என்கிறது நன்னூல். இந்த ஆல்பத்தின் வேகம் முன்னோர் முடிபோடு ஒத்தது; அந்தக் குரலும் பேஸும் ஏழு நிமிடமும் பின்னோன் வேண்டிய வேறுபாடு.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி:

மதிப்பிற்குரிய ஐயா,

வழிநூல் ஒப்புமை நன்று. ஆயினும் இரண்டு ஐயங்கள். ஒன்று, வல்லிசை என்றால் பெரும்பாலோருக்கு ஹெவி மெட்டல்தான் நினைவுக்கு வரும்; ஒலியின் வன்மையில் அது இதற்குச் சற்றும் குறைந்ததன்று. இரண்டு, ‘வழி’ என்பதற்கு இன்றைய உரைநடையில் ‘மூலமாக’ என்ற பொருளே ஓங்கியிருக்கிறது. ‘கணினிவழிக் கல்வி’ என்று எழுதிப் பழகிய மாணவர், வழிவல்லிசை என்பதை எதன் வழியாகவோ வரும் வல்லிசை என்று படித்துவிட மாட்டாரா? மேலும், தாங்கள் ஒரே ஆல்பத்தை உரைகல்லாக வைத்திருக்கிறீர்கள். பிற்காலக் குழுக்கள் பலவற்றில் அந்தப் பழைய வேகம் அடையாளத்துக்கும் இல்லை. அங்கேயும் இந்தச் சொல் நிற்குமா?

மறுமொழி:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுவே கடினமானது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் 1986-இலேயே முடிந்துவிட்டது. பிச்சோட்டோவும் ட்ரம்ஸ் வாசித்த பிரெண்டன் கேன்டியும் பின்னர் மெக்காயோடு ஃபுகாசி குழுவில் இணைந்தார்கள். 1990-இல் வந்த ஃபுகாசியின் முதல் முழுநீள ஸ்டூடியோ ஆல்பத்தில் தாங்கள் சொல்வதுபோல வேகம் குறைந்துவிட்டது உண்மைதான். பாய்ச்சல் இருந்த இடத்தில் வெட்டி நிறுத்துதல் வந்தது: கிட்டார் ஒரு அடி வைத்து நிற்கிறது, அந்த வெற்றிடத்தில் பேஸ் மட்டும் நடக்கிறது, பிறகு எல்லாம் சேர்ந்து விழுகிறது. அறுத்தறுத்து ஒழுகும் ‘அகைப்பு வண்ணம்’ என்று செய்யுளியல் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை. ஆனால் வேகம் போனாலும் வன்மை போகவில்லை. அது நிறுத்தங்களுக்குள் இடம்பெயர்ந்தது. எனவே வேறுபாடு பெருகியிருக்கிறது, வழி அறுபடவில்லை. வழிநூலுக்கும் வழிநூல் உண்டல்லவா.

மெட்டலைப் பற்றிய ஐயத்துக்கு விடை அதன் பெயரிலேயே இருக்கிறது. அதன் அடைமொழி கனத்தைக் குறிக்கிறது, வன்மையை அன்று. ‘கனவிசை’ என்றால் கனவு உள்ளே புகுந்துவிடும் என்பதால், அதற்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம். இப்போதைக்கு வல்லிசையைப் பங்க் மரபுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

‘வழி’ பற்றிய தங்கள் ஐயத்தைத்தான் என்னால் முழுவதும் போக்க முடியவில்லை. வழித்தோன்றல், வழிமொழிதல் ஆகியவற்றில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே என் ஆறுதல். ‘கணினிவழி’ என்பதில் வழி பின்னே நிற்கிறது, இவற்றில் முன்னே நிற்கிறது; இந்த இடவேறுபாடு வாசகருக்கு உதவும் என நம்புகிறேன். மாணவர் ஒருவர் முதன்முறை தடுமாறினால், அருகில் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற ஒலிபெயர்ப்பும் இருக்கட்டும்.

சொற்பட்டியலில் வல்லிசை, வழிவல்லிசை இரண்டையும் ‘பரிந்துரை நிலை’ என்ற குறிப்போடு ஏற்றிவைக்கிறேன். ‘கதறலிசை’யை நீக்கவில்லை. உணர்ச்சியை முன்னிறுத்தும் பங்க் கிளைக்கு வழங்கும் எமோ என்ற பெயரை ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவினரே ஏற்க மறுத்தாலும், அதற்கும் ஒரு சொல் தேவைப்படத்தான் போகிறது. அங்கே அது பொருந்தக்கூடும். முன்மொழிந்த நண்பர் அதற்கு இசைகிறாரா என்று தெரிவித்தால் அடுத்த இழையைத் தொடங்கலாம்.