மறுமொழி: நறுக்கிய இடத்தில் மிஞ்சும் மேட்டுக்கு என்ன பெயர்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

ம., சிங்கப்பூர்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை இங்கே ஒரு சமூக மன்றத்தில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ரோபோ பொம்மை பூட்டும் பட்டறை. தமிழ்க் கைத்தாள் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மதியம் அச்சுக்குப் போக வேண்டும்.

இரண்டு பெட்டிகள். ஒன்று ஜப்பானின் பான்டாய் நிறுவனம் செய்யும் கண்டம் (Gundam) என்ற ரோபோ, புதிதாகப் பூட்டுபவர்களுக்கான 'என்ட்ரி கிரேட்' வகை. 2020இல் வந்தது, அப்போது ஜப்பானில் வரி நீங்கலாக 700 யென். கதையில் 18 மீட்டர் உயரம், இது 144இல் ஒரு பங்கு, ஆகவே கையில் பன்னிரண்டரை சென்டிமீட்டர். பசை வேண்டாம், ஸ்டிக்கர்கூட வேண்டாம், உறுப்புகளைக் கையாலேயே திருகி எடுத்துவிடலாம். மற்றது அதைவிட மலிவான, ஊர் பேர் இல்லாத பெட்டி. அதைக் கட்டர் இல்லாமல் தொடவே முடியாது. நேற்றிரவு பூட்டிப் பார்த்தேன். இடது தோள் மூன்று தடவை கழன்றது.

பூட்டி முடித்தபின் பிள்ளைகளே மதிப்பெண் போட வேண்டும். பொருத்தம், நிறம், மூட்டு அசைவு, ஒற்றைக் காலில் நிற்கிறதா, நான்கும் எழுதிவிட்டேன். ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். உறுப்புகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டு வரும். சட்டம் ரன்னர். உறுப்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்னக் கழுத்து கேட். நறுக்கியபின் உறுப்பில் தங்கும் சிறு மேடு நப். இந்த மூன்றுக்கும் தமிழ் வேண்டும், முக்கியமாக மூன்றாவதற்கு. கேட்டுக்கு (gate) 'வாயில்' என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் 'வாயிலை வெட்டு' என்று எப்படிச் சொல்வது?

புலவர் கா., தஞ்சாவூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு. முதலில் ஓர் ஐயம். 'கண்டம்' என்பது கழுத்தா, நிலப்பரப்பா, சோதிடர் சொல்லும் கண்டமா? விளையாட்டுப் பொருளுக்கு நல்ல பெயராகத் தெரியவில்லை. இருக்கட்டும்.

தொங்குகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் எதற்கு வாயில்? தொங்குவதற்குக் காம்பு. செடி கொடிகளுக்குத் தமிழில் உள்ள சொல்வளம் பற்றிப் பாவாணர் எழுதியதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்பீர்கள்: கொத்து, குலை, தாறு, கதிர், சீப்பு. பல சட்டங்கள் சேர்ந்த முழுப் பெட்டியும் ஒரு தாறு. ஒவ்வொரு சட்டமும் ஒரு சீப்பு. 'அ சீப்பில் ஏழாம் உறுப்பு' என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும். மிஞ்சும் மேடு வடு.

த., யாழ்ப்பாணம்

சீப்பு அருமை ஐயா. ஆனால் வடு என்றால் எங்கட வீட்டுப் பிள்ளைகளுக்கு மாங்காய் ஞாபகம் வரும். அதே பாவாணர் பட்டியலில்தான் மாம்பிஞ்சுக்கு வடு என்றும் இருக்கிறது.

இரா., கோவை

நான் இருபத்திரண்டு வருடமாக பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் இருப்பவன். சீப்பு, தாறு எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் பையன்கள் ரன்னர், கேட் என்றுதான் சொல்கிறார்கள், எட்டாவது தாண்டாதவர்கள்கூட. அச்சின் இரு பாதியும் சேரும் கோட்டில் மெல்லிய தகடாகப் பிதுங்குமே, அதற்கு மட்டும் பிசிறு என்பார்கள். அதை நப்புக்கு எடுத்துவிடாதீர்கள், அது வேறு, இது வேறு.

வாயில் என்று சொன்னவரும் தப்பில்லை. உருகிய பிளாஸ்டிக் ரன்னர் வழியாக ஓடிவந்து கேட் வழியாகத்தான் அச்சுக்குள் நுழைகிறது. செய்பவனுக்கு அது வாசல், பூட்டுபவனுக்குக் காம்பு. யாருக்காக எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. நறுக்கிய இடத்தில் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று மேடு. மற்றது, கட்டர் அழுத்தியதில் பிளாஸ்டிக் வெளுத்துப்போவது. கறுப்பு, நீலம் போன்ற அழுத்தமான நிறத்தில் பளிச்சென்று தெரியும். மதிப்பெண் தாளில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். மேட்டை உப்புத்தாளால் 400, 600, 800 என்று தேய்த்தால் போய்விடும். வெளுப்பு உள்ளே இறங்கியிருந்தால் லேசில் போகாது. அதைத் தவிர்க்க, முதலில் உறுப்பிலிருந்து தள்ளி ஒரு வெட்டு, பிறகு மிச்சத்தை ஒட்டி இன்னொரு வெட்டு. இதைக் கைத்தாளில் கட்டாயம் போடுங்கள், சொல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

புலவர் கா., தஞ்சாவூர்

அப்படியானால் தீர்ந்தது. வெளுப்பு ஆறாதது, அதுவே வடு. நாவினாற் சுட்டது ஆறாது என்றவர் கட்டரையும் சேர்த்திருப்பார். மேட்டுக்குக் கொப்பூழ் என்று வைப்போம். தாயிடமிருந்து கொடி வழியாக ஊட்டம் வருகிறது, அந்தக் கொடியில்தான் பிள்ளை தொங்கவும் செய்கிறது. கோவை நண்பரின் வாசலும் என் காம்பும் இதில் ஒன்றாகிவிடுகின்றன. அறுத்தபின் மிஞ்சுவது கொப்பூழ். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

ம., சிங்கப்பூர்

ஐயா, பொருத்தம் சரி. ஆனால் இந்தப் பொம்மைக்கு முதுகில் நான்கு, முழங்காலில் இரண்டு, தலையில் ஒன்று. அத்தனை கொப்பூழ் உள்ள உருவத்தைப் பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர் முன்னால் நான் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். 'காம்புத் தழும்பு' போடட்டுமா?

புலவர் கா., தஞ்சாவூர்

போடலாம், ஆனால் புணர்ச்சி தவறு. இரும்பு + பாதை இருப்புப்பாதை ஆகிறது. மருந்து + பை மருத்துப்பை. மென்றொடர் வேற்றுமையில் வன்றொடராகும், அதாவது நடுவிலுள்ள மெல்லின மெய் வல்லினமாக மாறும். எனவே காப்புத் தழும்பு.

த., யாழ்ப்பாணம்

காப்புத் தழும்பு என்றால் கையில் காப்புப் போட்ட தழும்பு அல்லவா? ஐயா, நன்னூலாரே 'சில' ஆகா என்று ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார். வண்டுக்கால் வட்டுக்கால் ஆவதில்லையே. பாம்புத்தோலை யாராவது பாப்புத்தோல் என்கிறோமா?

புலவர் கா., தஞ்சாவூர்

நாம் அப்படிச் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். இது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

நெறியாளர்

புணர்ச்சிக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கே தொடருங்கள். இதுவரை காம்புக்கு ஆறு பேர், வாயிலுக்கு ஒருவர், கேட் என்றே எழுதலாம் என்பவர்கள் மூவர். சீப்புக்கு எதிர்ப்பே இல்லை, இந்தக் குழுவில் அது அதிசயம். மூன்றாவதற்கு ஆளுக்கொரு சொல்.

இரா., கோவை

வெளியே இருந்து ஒரு வார்த்தை. 1980இல் இந்தக் கண்டம் வரிசையின் முதல் பெட்டி 300 யென்னுக்கு வந்தபோது பசை போட்டு ஒட்ட வேண்டும், வண்ணமும் நாமே அடிக்க வேண்டும். மேடு என்ன, ஒட்டிய கோடு முழுவதையும் தேய்த்து மறைத்தார்கள். இந்தப் புதுப் பெட்டியில் அந்த வேலையெல்லாம் நமக்கு இல்லை. காம்பைக்கூட மெல்லியதாக்கி, தொட்டால் உதிர்கிற மாதிரிச் செய்துவிட்டார்கள். நாம் பெயர் வைத்து முடிப்பதற்குள் அந்த மேடே இல்லாமல் போய்விடும் போலிருக்கிறது. ம. சொன்ன மலிவுப் பெட்டியில் காம்பு தடிமனாக இருப்பதற்கும் தோள் கழல்வதற்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: அச்சுக்குச் செலவழிக்கவில்லை.

ம., சிங்கப்பூர் (ஞாயிறு)

அனைவருக்கும் நன்றி. கைத்தாளில் சீப்பு, காம்பு இரண்டும் போனது. மூன்றாவதற்கு 'காம்பு வெட்டிய இடம்' என்றே அச்சடித்துவிட்டேன், புணர்ச்சிப் பயத்தில். மேட்டுக்கு ஒரு கட்டம், வெளுப்புக்கு ஒரு கட்டம். மலிவுப் பெட்டிக்குப் பத்துக்குச் சராசரி நான்கு, கண்டத்துக்கு ஒன்பது. மலிவுப் பெட்டிதான் பிடித்தது என்று ஐந்து பேர் சொன்னார்கள், அதில் தேய்க்க நிறைய இருந்ததாம்.

உங்களுக்காக ஒரு செய்தி. ஒரு சிறுமி என்னைக் கூப்பிட்டு, 'டீச்சர், என் ரோபோவுக்கு முழங்கால்ல மரு இருக்கு' என்றாள். பக்கத்து மேசைக்கும் அது பரவி, கடைசி வரை எல்லோரும் மரு மரு என்றுதான் தேய்த்தார்கள்.

த., யாழ்ப்பாணம்

மரு! எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

புலவர் கா., தஞ்சாவூர்

'காம்பு வெட்டிய இடம்' என்பது சொற்றொடர், கலைச்சொல் அன்று. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஆனால் சிறுமியின் சொல் ஆராயத்தக்கது. மரு என்றால் தோலில் எழும் கட்டி. மருவு என்றால் தழுவு, சேர். அவ்வழியே காம்புக்கும் பொருந்தும். மறு என்றால் களங்கம், நிலவில் உள்ள மறு. அது வெளுப்புக்குப் பொருந்தும். அந்தப் பிள்ளை சொன்னது இடையின ரகரமா, வல்லின றகரமா? நினைவிருக்கிறதா?

ம., சிங்கப்பூர்

ஐயா, அவள் கையில் திறந்த கட்டர் இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.