பூனை நீரிழிவில் ‘ரெமிஷன்’: குணமா, தணிவா, அடங்குநிலையா?

அனைவருக்கும் வணக்கம். பூனை நீரிழிவுக்கான நம் கலைச்சொல் பட்டியலில் ‘ரெமிஷன்’ முதலிய சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம். அதில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘குணமாதல்’ என்றே வைத்துவிடலாமே. பூனை வளர்ப்பவருக்கு அதுதானே புரியும்?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். இன்சுலின் போடாமலே நான்கு வாரமாவது இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தால்தான் கால்நடை மருத்துவர்கள் அதை ரெமிஷன் என்கிறார்கள். கணையம் பழையபடி தேறிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ‘குணமாகிவிட்டது’ என்று படித்தவர் மறுநாளே பழைய உலர் தீனிப் பையைப் பிரித்துவிடுவார். அப்புறம் பூனை மறுபடி கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினால் சொல்லாக்கிய நம்மைத்தான் கேட்க வேண்டும்.

> ‘தணிவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

புற்றுநோய்க் கட்டுரை என்றால் தணிவு போதும். இங்கே சிக்கல் வேறு. வீட்டில் பூனையின் காது விளிம்பில் குத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்து, 12 மணி நேரத்துக்கு இரண்டு மணிக்கொரு தடவை அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். (மருத்துவமனையில் பயத்தாலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறிவிடும், அதனால் வீட்டுக் கணக்குக்கு மதிப்பு அதிகம்.) காலை ஊசிக்கு முன் 300, நடுப்பகலில் 120, மாலையில் மறுபடி ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நடுப்பகல் இறக்கமும் தணிவுதானே? ஊசியால் இறங்கியதையும் ஊசியே இல்லாமல் இறங்கி நிலைத்ததையும் ஒரே சொல்லால் எழுதினால், அந்த நோட்டைப் பார்த்து ஊசி அளவை முடிவு செய்பவர் என்ன செய்வார்?

என் பரிந்துரை ‘அடங்குநிலை’. காய்ச்சல் அடங்கியது, வலி அடங்கியது என்கிறோம். அடங்கியது திரும்பக் கிளம்பலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. ‘நோயடக்கம்’ என்று சுருக்கலாம் என்று தோன்றும். அடக்கம் என்றதும் சுடுகாடு ஞாபகம் வரும், வேண்டாம்.

விளக்கக் குறிப்பில் உணவைப் பற்றி இரண்டு வரியாவது வர வேண்டும். பூனை முழு ஊனுண்ணி. மாவுச்சத்து ஏராளமாக வந்தால் அதன் ஈரல் திணறும். உலர் தீனியோ மாவுச்சத்து இல்லாமல் உருண்டையாகவே பிடிபடாது. மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றல் ஏறத்தாழ 12 சதவீதத்தைத் தாண்டாத, புரதம் மிகுந்த ஈர உணவுக்கு மாற்றி, கூடவே இன்சுலினும் கொடுத்தால் சர்க்கரை குறைகிறது. ஓயாத மிகைச்சர்க்கரையில் ஒடுங்கிப்போன கணையச் செல்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. எல்லாப் பூனைக்கும் இல்லை, சிலவற்றுக்கு அடங்குநிலை இப்படித்தான் வாய்க்கிறது.

இதே குறிப்பில் எச்சரிக்கையும் அவசியம். உணவை மட்டும் மாற்றிவிட்டு ஊசியைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரியும். எனவே மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் மாற்ற வேண்டும். புது உணவைத் தொடவில்லை என்பதற்காகப் பட்டினி போடவும் கூடாது, பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்துவிடும்.

> நேடிர் = தாழ்முனை. சரிதானே?

ஊசிக்குப் பின் சர்க்கரை தொடும் மிகக் குறைந்த அளவுதான் நேடிர். ‘தாழ்முனை’ தனியாகப் பார்த்தால் அழகான சொல். ஆனால் பட்டியலில் ‘தாழ்சர்க்கரை’ ஏற்கெனவே இருக்கிறது. நேடிர் 100 என்றால் மகிழ்ச்சியான செய்தி. 60க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை, ஈறில் தேன் தடவிவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டிய நிலை. இரண்டும் ‘தாழ்’ என்றே தொடங்கினால் பதற்றத்தில் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ‘அடிப்புள்ளி’ எப்படி?

ரிலாப்ஸுக்கு, அதாவது அடங்கிய நோய் திரும்ப வருவதற்கு, ‘மறுகிளர்வு’ என்று எழுதிப் பார்த்தேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அடங்குநிலையோடு சேர்ந்து ஒலிக்கிற மாதிரி யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.