முல்லைக்காரராக உழைத்த பூட்டனாரை எந்தப் பதிவுகளில் தேடலாம்?

களுவாஞ்சிக்குடிப் பேர்த்தி:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மம்மாவின் தகப்பனார், அதாவது எங்கள் பூட்டனார், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரின், வயல்களில் முல்லைக்காரராக இருந்தவர். மாரி விதைப்புத் தொடங்கிக் களவெட்டியில் சூடடித்து முடியும்வரை வாடியிலேயே தங்கி, கூலிக்கு வந்தவர்களை வேலை வாங்கி, இரவில் யானைக்காவலும் செய்தவர் என்று அம்மம்மா சொல்லுவார். 1949 இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியபோது இங்கினியாகலைக்கு அணைக்கட்டு வேலைக்குப் போனார் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வீட்டிலிருந்த பத்திரங்கள் யாவும் 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போய்விட்டன. எங்கள் ஊர்ப் பதிவாளர் பிரிவில் பூட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடுவித்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை. போடியார்களின் பெயர்களை ஊரார் இன்றும் சொல்லுகிறார்கள். அந்த வயல்களை விளையவைத்தவர் எங்கே பிறந்தார் என்பது அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே தெரியாதிருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. வேறு எங்கே தேடலாம்?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மட்டக்களப்பு:
மகள், நீங்கள் தேடியது உங்கள் பூட்டியாரின் ஊரில் என்று நினைக்கிறேன். நம் பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போக, மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். ஆகையால் தலைமுறை தலைமுறையாக நீங்கள் வாழும் ஊர் பூட்டனார் பிறந்த ஊராக இருக்கவேண்டிய அவசியமில்லை. குடி என்னும் வம்சப் பிரிவும் தாய்வழியே வருவது; உங்கள் குடி வேறு, அவருடைய குடி வேறு. அவர் எந்தக் குடி என்பதை வயதான உறவினர் யாரிடமாவது கேட்டறிந்தால், அந்தக் குடியார் எந்த ஊர்க் கோயிலில் உரிமையுடையவர்கள் என்று விசாரிக்கலாம். பல தடவை பிறந்த ஊர் அந்த வழியாகவே தெரிந்துவிடும்.

பதிவுகளைப் பொறுத்தவரை, பிறப்பிலிருந்து தொடங்காமல் இறப்பிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். இறப்புப் பதிவில் இறந்தவரின் வயது, தொழில், பெற்றோரின் பெயர்கள் ஆகியவை இருக்கும். திருமணப் பதிவு கிடைத்தால் மணமகனின் தொழிலும் வதிவிடமும் தகப்பனாரின் பெயரும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆயினும் அக்காலத்தில் சோறு கொடுத்து ஊரறிய மணம் முடித்துப் பதியாமல் விட்டவர்கள் பலர். அப்படியானால் அம்மம்மாவின் பிறப்புப் பதிவை எடுத்து, அதில் தகப்பனாரின் தொழில் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அம்பாறையிலிருந்து ஒருவர்:
அணைக்கட்டை அமைத்தது மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். தங்கை, கூலியாட்களின் விபரத்தை ஊழியர் சேமலாப நிதியில் தேடிப் பயனில்லை. அந்த நிதி 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அம்பாறை தனி மாவட்டமானதும் 1961 இல்தான் என்பதால், அதற்கு முந்திய ஆவணங்களை மட்டக்களப்பு மாவட்டத்தின் பெயரிலேயே கேட்கவேண்டும். காணியோ படிப்போ இல்லாதவர்களுக்கும் 1931 இல் வாக்குரிமை கிடைத்ததால், பழைய வாக்காளர் இடாப்புகளையும் விட்டுவிடாதீர்கள்.

மண்டூர் வாசகர்:
போடியாரின் காணி உறுதிகளையும் பாருங்கள் என்பது என் கருத்து. ஒவ்வோர் உறுதிக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். போடியார்கள் தம்மோடு நின்ற நம்பிக்கையான முல்லைக்காரரையே சாட்சியாக அழைத்துச் சென்றதுண்டு. அவர் எழுதத் தெரியாதவராயினும் பெயரின் அருகே கைநாட்டு இருக்கும். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்வதால், போடியார் வீட்டில் உறுதி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் காணியின் பெயர் தெரிந்திருக்கவேண்டும். எந்த வட்டை, அதாவது எந்த வயற்பரப்பு, என்று அம்மம்மா சொன்னாரா?

களுவாஞ்சிக்குடிப் பேர்த்தி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வட்டையின் பெயர் எனக்குத் தெரியாது. குருமன்வெளித் துறையில் தோணி ஏறி மண்டூருக்குப் போய், அங்கிருந்து நடந்து போவார்கள் என்பது மட்டும் தெரியும். அம்மம்மாவின் தங்கை இன்னும் நினைவு தப்பாமல் இருக்கிறார். குடியையும் வட்டையையும் அவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

மண்டூர் வாசகர்:
அப்படியானால் வெல்லாவெளிப் பக்கத்து வட்டைகளாக இருக்கலாம். அவரிடம் கேட்கும்போது வட்டை விதானை யார் என்றும் கேளுங்கள்; முதியவர்களுக்கு வட்டையின் பெயர் மறந்தாலும் தண்ணீர் பங்கிட்டவரின் பெயர் மறப்பதில்லை.