சிஏ டிவைஸ் திறக்க மறுத்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லினக்ஸில் டிஜிட்டல் டிவி கார்டுக்காகச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டணச் சேனலைத் திறந்துகாட்டும் சிஏ (கண்டிஷனல் ஆக்சஸ்) மாட்யூல், அதற்குள் ஸ்மார்ட் கார்டு, எல்லாம் சரியாகச் செருகியிருந்தது. அந்த மாட்யூலோடு பேசுவதற்கான /டெவ்/டிவிபி/அடாப்டர்0/சிஏ0 என்ற டிவைஸ் கோப்பை ஓப்பன் அழைப்பால் ரீட்-ரைட் (படிக்கவும் எழுதவும்) முறையில் திறந்தேன். திறந்தது, படமும் வந்தது. புரோகிராமை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் ஓப்பன் -1 தருகிறது, அதாவது தோல்வி. பிழை எண்ணைச் சொல்லும் எர்னோவில் 16. அதாவது இபிஸி, வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள்.

முதலில் மாட்யூலைத்தான் சந்தேகப்பட்டேன். அதை உருவி எடுத்து, ஸ்லாட்டின் 68 ஊசிகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் நேராகவே இருந்தன. திரும்பச் செருகினால் அதே 16.

அப்புறம் ஓப்பனோடு கொடுத்திருந்த நான்-பிளாக்கிங் கொடியை, அதாவது 'காத்திருக்காதே' என்னும் குறிப்பை, எடுத்துவிட்டால் இடம் காலியாகும்வரை ஓப்பன் காத்திருக்கும் என்று நினைத்தேன். காத்திருக்கவில்லை. அந்தக் கொடி பின்னால் வரும் ரீட் போன்ற அழைப்புகளுக்குத்தான். ஓப்பனின் போக்கை அது மாற்றாது. ரீட்-ரைட் முறையில் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் இடம், அடுத்து வருபவருக்கு உடனே மறுப்பு. இந்தக் கண்டிப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. மாட்யூலோடு நடப்பது கேள்வியும் பதிலுமாகப் போகும் ஒரே பேச்சு. நடுவில் இன்னொருவர் புகுந்தால் ஒருவர் கேட்டதற்கான பதில் மற்றவர் கைக்குப் போய்விடும்.

கடைசியில், ஒரு கோப்பை எந்தப் புரோகிராம் பிடித்துவைத்திருக்கிறது என்று காட்டும் எஃப்யூசர் கட்டளை போட்டுப் பார்த்தபோதுதான் ஆள் சிக்கியது. ஒளிபரப்பைப் பதிவுசெய்ய என் புரோகிராமே கிளப்பிவிட்ட ஷெல் ஸ்கிரிப்ட்! புரோகிராம் முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தாய் புரோகிராம் திறந்த டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) பிள்ளையான ஸ்கிரிப்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஓப்பன் வரியிலேயே, பிள்ளை வேறு புரோகிராமாக ஓடத் தொடங்கும்போது டிஸ்கிரிப்டரை மூடிவிடும் குளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடியைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு 16 வரவே இல்லை.

*

எனக்கு நடந்தது நேர் எதிர். ஓப்பன் முதல் தடவையிலேயே டிஸ்கிரிப்டரைக் கொடுத்துவிட்டது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஓப்பன் வெற்றி என்றால் மாட்யூலும் தயார் என்று எடுத்துக்கொண்டு உடனே செய்தி அனுப்பியதுதான் தவறு. இப்போது ஸ்லாட் தகவலைக் கேட்டு, அதன் கொடிகளை ஒவ்வொரு நொடியும் அச்சிட்டுப் பார்க்கிறேன். செருகியதும் 1 வருகிறது, மாட்யூல் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து 3 ஆகிறது, அப்போதுதான் தயார். 3 வந்த பிறகு அனுப்பினால் ஒரு தடவைகூடத் தவறுவதில்லை.

*

எனக்கு 16 இல்லை, 13 வந்தது. அனுமதி மறுப்பு. அந்தக் கோப்பைத் திறக்க அனுமதி உள்ள வீடியோ குழுவில் என் பயனர் கணக்கு இல்லை. குழுவில் சேர்த்த பிறகும் திறக்காமல் ஒரு மணி நேரம் தவித்தேன்; வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் திறந்துவிட்டது.