புதுப்பிப்பு: சின்னப் பசங்களும் மின்சார ஸ்கூட்டரும்

12, 13 வயசுப் பசங்க நம்பர் பிளேட் இல்லாத மின்சார ஸ்கூட்டரில் தெருவைச் சுற்றுகிறார்கள், போலீசுக்குப் போவதா, பெற்றோரிடம் பேசுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். "அதுக்குத்தான் லைசென்ஸே வேண்டாமே" என்றுதான் பலர் சொன்னீர்கள்.

பாதி சரி. மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. பல வண்டிகளில் கண்ட்ரோலர் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பக்கம் வேகக் கட்டுப்பாட்டு ஒயர் ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் வேகம் எகிறும், விலக்கும் போச்சு. பிறகு சிறுவன் ஓட்டிச் சிக்கினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ: பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

சந்தேகமா? தெருவில் 50 மீட்டர் அளந்து, வண்டி கடக்கும் நேரத்தைப் போனில் பாருங்கள். 7 விநாடிக்குள் கடந்தால் 25-ஐத் தாண்டியாச்சு.

பிரேக்கையும் பெரியவர் ஒருவர் சோதிக்கட்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி, பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் லீவர் சுவிட்ச் ஒயர் அறுந்திருக்கலாம். பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஓடும் வண்டியை மறிக்காதீர்கள், திருப்பப் பார்த்து விழுவான். முதலில் அப்பா அம்மாவிடம் 199ஏ-வைச் சொல்லுங்கள். "அடிபடும்" என்பதைவிட இது சீக்கிரம் வேலை செய்கிறது, வருத்தம்தான். சாவி பெரியவர்களிடமே இருக்கட்டும். அப்பவும் கேட்காவிட்டால் போக்குவரத்துப் போலீஸ்.