15 லிட்டர் டின்னா, 15 கிலோ டின்னா: எதை வாங்குவது?

கொங்குமெஸ்:
வணக்கம். ஈரோட்டில் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயை டின்னாகத்தான் வாங்குவோம். வழக்கமாகப் போடுகிறவர் 15 கிலோ டின் 2,400 ரூபாய் என்கிறார். புதிதாக ஒருவர் வந்து 15 லிட்டர் டின்னை 2,250 ரூபாய்க்குத் தருகிறேன், டின்னுக்கு 150 ரூபாய் மிச்சம் என்கிறார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி டின்தான். "லிட்டர் டின் சீக்கிரம் தீர்ந்துடும்க்கா" என்கிறார் எங்கள் மாஸ்டர். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

பவானிக்கரை:
வீட்டில் 1 லிட்டர் பாக்கெட் இருந்தால் திருப்பிப் பாருங்கள் அக்கா. 910 கிராம் என்று போட்டிருக்கும். மாஸ்டர் சொல்வது சரி.

மில்_லேப்:
எண்ணெய் மில் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை ஹோட்டல் நடத்துகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் அம்மா.

லிட்டர் என்பது எண்ணெய் அடைத்துக்கொள்ளும் இடம். கிலோ என்பது உள்ளே இருக்கும் சரக்கு. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நம் ஊர் வெப்பத்தில் சூரியகாந்தி எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.91 கிலோ. இந்த ஓர் எண் போதும்.

15 லிட்டர் × 0.91 = 13.65 கிலோ. அதாவது லிட்டர் டின்னில் 1.35 கிலோ எண்ணெய் குறைவு. 2,250 ரூபாயை 13.65 ஆல் வகுத்தால் கிலோ ஏறக்குறைய 165 ரூபாய். பழைய டின் 2,400 ÷ 15, கிலோ 160 ரூபாய். திருப்பிப் போட்டாலும் இதேதான்: 15 கிலோவை 0.91 ஆல் வகுத்தால் 16.48 லிட்டர், லிட்டருக்கு 146 ரூபாய்கூட வராது. புது டின்னில் லிட்டர் 150 ரூபாய். 150 மிச்சம் என்று சொன்ன டின்தான் விலை கூடுதல்.

லிட்டரும் கிலோவும் ஒன்று என்ற நினைப்பு தண்ணீரால் வந்தது. 1795இல் பிரான்சில் மெட்ரிக் முறையை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறைதான் ஒரு கிராம் என்று வைத்தார்கள். அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று நம் மனதில் பதிந்துவிட்டது. தண்ணீருக்கு அது கிட்டத்தட்ட இன்றும் சரி. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம் நிற்கும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறதே, அப்புறம் எப்படி லிட்டருக்கு ஒரு கிலோ வரும்?

கொங்குமெஸ்:
ரொம்ப நன்றி சார். இன்னொரு சந்தேகம். 15 கிலோ டின்னை உடைக்கும்போது சில சமயம் எண்ணெய் மட்டம் இறங்கி இருக்கிறது. எடுத்துவிட்டு அனுப்புகிறார்களோ?

மில்_லேப்:
மட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் அம்மா. சூடானால் எண்ணெய் விரியும், ஆறினால் சுருங்கும். எடை மாறாது. சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம். 60 டிகிரியில் 893 கிராம்தான். சூரியகாந்தியும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்ளும். 45 டிகிரியில் நிரப்பிய டின் உங்கள் கடையில் 30 டிகிரிக்கு வந்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கும். 15 கிலோ டின்னில் அது ஒரு டம்ளர் அளவு.

இதை வைத்து ஒரு வேலையும் நடந்தது. சில நிறுவனங்கள் 60 டிகிரி வரை வெப்பநிலை போட்டு '1 லிட்டர்' என்று அச்சடித்தன. 60 டிகிரியில் லிட்டர் என்றால் உள்ளே எண்ணெய் குறைவு. எந்தச் சமையலறை அலமாரி 60 டிகிரியில் இருக்கிறது? 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தலையிட்டது. வெப்பநிலையைப் போடாமல் நிகர அளவைப் போட வேண்டும், அதோடு எடையையும் போட வேண்டும், 2023 ஜனவரி 15க்குள் திருத்துங்கள் என்றது. எனக்கு அது மனநிறைவு தந்த உத்தரவு.

நீங்கள் செய்ய வேண்டியது, முத்திரை உள்ள தராசில் முழு டின்னை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ந்ததும் காலி டின்னை நிறுங்கள். கழித்து வருவது 15 கிலோவுக்குக் குறைந்தால் கேளுங்கள். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

பன்_மாஸ்டர்:
பேக்கரியில் இதனால்தான் எண்ணெய், பால், தேன் எல்லாமே கிராமில் போடுகிறோம். பால் லிட்டருக்கு 1.03 கிலோ, தேன் 1.4 கிலோ பக்கம். ஒரு கிலோ தேன் பாட்டில் சின்னதாகத் தெரிவதால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்கு வருகிறார்கள், 700 மில்லிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். மைதாவில் இன்னும் மோசம். சலித்த ஒரு கப்பும் அழுத்தி அள்ளிய ஒரு கப்பும் ஒரே எடை நிற்காது, நடுவில் காற்று.

பவானிக்கரை:
மில்_லேப் சார், அடர்த்தியைப் பார்த்து பாமாயில் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

மில்_லேப்:
சமையலறைத் தராசில் முடியாது தம்பி. கடலை, சூரியகாந்தி, நல்லெண்ணெய் எல்லாம் 0.91, 0.92 பக்கம் ஒட்டி ஒட்டி நிற்கும். பாமாயிலும் அதற்குக் கொஞ்சம் கீழேதான். சூடு கொஞ்சம் கூடினாலும் எண்ணெயின் அடர்த்தி மாறுவதால் அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்ப முடியாது. நாங்கள் லேபில் ஒளிவிலகல் எண், அயோடின் மதிப்பு, கொழுப்பு அமிலங்களின் விகிதம் என்று பார்த்துத்தான் சொல்வோம். ஒரு லிட்டரை நிறுத்துப் பார்த்துவிட்டு "910 வந்தது, சுத்தமான எண்ணெய்" என்று நம்பிவிட வேண்டாம். அது அளவுக்கான சோதனை மட்டும்.

கொங்குமெஸ்:
இன்று வந்த டின்னை மாஸ்டரும் நானும் நிறுத்து, டின் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம் சார். புது ஆளிடம் கிலோவுக்கு என்ன விலை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். 160க்குக் கீழே வந்தால் பார்க்கலாம்.